பின்னால் நடந்த ஒட்டகங்கள்

நவம்பர் 23, ஞாயிறு

பழைய வீடியோ கேம் கன்சோலுக்கு உயிர் வந்துவிட்டது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர்தான் வீங்கியிருந்தது. அதை மாற்றிவிட்டு, கேசட்டை ஊதிப் போட்டேன். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஊதாமல் போட மனம் வராது. டிவியில் கோடு கோடாக வந்து, பிறகு படம் வந்தது. சால்டரிங் கம்பி பட்டு மம்மியின் மேஜை விரிப்பில் ஓட்டை. அதன்மேல் பழக்கூடையை நகர்த்தி வைத்திருக்கிறேன்.

இந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதற்கென்றே டாடி பூசை முடிந்து வந்தார். அன்பியக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டாராம். இந்த வருஷம் அந்தோணியார் அன்பியத்தின் கிறிஸ்மஸ் குடிலை எம் பையன் செய்வான், அவன் கம்ப்யூட்டர்ல இருக்கான் என்று.

நான் கம்ப்யூட்டரில் இருப்பது உண்மைதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிறேன். மாட்டுக்கொட்டில் கட்டும் வேலை அங்கே யாரும் தரவில்லை.

எங்கள் சர்ச் பங்கில் சில தெருக்கள் சேர்ந்தால் ஒரு அன்பியம். வருஷா வருஷம் அன்பியங்களுக்குள் குடில் போட்டி. வருஷா வருஷம் சவேரியார் அன்பியத்துக் கிளெமென்ட் அங்கிள்தான் ஜெயிப்பார். நிஜ அருவி, நிஜ மீன் நீந்தும் குளம், ராகி முளைக்கவிட்ட பச்சைப் புல்வெளி. அதெல்லாம் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அவருடைய மகள் பெயர் ஆஞ்சலா என்பதுதான் பிரச்சினை.

"டாடி, ஜனவரில அவங்க வீட்டுக்குத்தான் பொண்ணு கேட்டுப் போறோம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவரையே எதிர்த்து நான் குடில் செய்யணுமா?"

"பொண்ணு வேற, குடில் வேற," என்றார் டாடி, ஷூவைக் கழற்றிக்கொண்டே.

நவம்பர் 24

ஆஞ்சலா போன் செய்தாள். பேசியது ஒரே வாக்கியம். "நீ தோக்கணும்."

நவம்பர் 26

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல வருஷம் முன்னால் ஒரு தடவை கிளெமென்ட் அங்கிள் தோற்றாராம். அதற்குப் பிறகு ஈஸ்டர் வரைக்கும் வேறு பங்குக்குப் பூசைக்குப் போனார். ஜெயித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட மொய் அனுப்பினாரே தவிர ஆள் போகவில்லை. எங்கள் விஷயத்தில் அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "மூணு ராசாக்கள் திருநாளுக்கு வாங்க, பேசலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது ஜனவரி முதல் ஞாயிறு. அதற்கு ஒரு வாரம் முன்னால் போட்டியில் அவரைத் தோற்கடித்துவிட்டு, கையில் கேக்கோடு போய் உங்கள் பெண்ணைக் கொடுங்கள் என்று நின்றால்?

ஆக, தோற்க வேண்டும். எளிய காரியம்.

நவம்பர் 30, ஞாயிறு

எளிய காரியம் இல்லை. இன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

நான் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சின்னப் பெண் ஒருத்தியை அவள் பிறந்தநாளன்றே கார் ரேஸில் தோற்கடித்து அழவைத்திருக்கிறேன். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கேக் இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த ரேஸிலும் நான்தான் ஜெயித்தேன். 'ஈஸி'யில் போடு என்று கேட்பவனை நான் மதித்ததில்லை. எதிராளி வேண்டுமென்றே குழியில் விழுந்தால், அப்புறம் எதற்கு ஆட்டம்? பேசாமல் டிவியில் செய்தி பார்க்கலாம்.

ஆஞ்சலா என்னிடம் வந்ததே இப்படித்தான். இரண்டு வருஷம் முன்னால் கேரல் பாட வந்த கும்பலில் இருந்தாள். மற்றவர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கன்ட்ரோலரை எடுத்து, "இது எப்படி?" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். தோற்கடித்தேன். மறுபடி தோற்கடித்தேன். கேரல் கும்பல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அவள் நகரவில்லை. கடைசியில் என்னை ஓரம் கட்டி ஜெயித்தாள். எழுந்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி, கேக் நல்லாருந்துச்சு" என்று மம்மியிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்படிப்பட்டவள் இப்போது தோற்கச் சொல்கிறாள். காதல் மனுஷனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பார்.

டிசம்பர் 4

டாடி தினமும் கேட்கிறார், வேலை ஆரம்பித்தாயா என்று. ஒன்றும் செய்யாமல் இருந்தால் சந்தேகம் வரும். அதனால் சும்னே, பேருக்கு, ஒரு சின்ன ஏற்பாடு. பழைய பிரிண்டரைப் பிரித்து அதன் மோட்டாரையும் பெல்ட்டையும் எடுத்தேன். போர்ட்டிகோவில் வைக்கோல் போட்டு, நடுவில் அந்த பெல்ட். அதன்மேல், பாலனைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களும் ஒட்டகத்தில். பழைய கன்சோலின் கன்ட்ரோலரோடு இணைத்துவிட்டேன். வலது அம்பு அழுத்தினால் ராசாக்கள் பெத்லகேம் நோக்கிப் போவார்கள். பட்டனை அழுத்தினால் கழுதை தலையாட்டும்.

அன்பியத்தார் கொடுத்த சுரூபச் சிலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. ஒரு ஆடு சூசையப்பரைவிட உயரம். ராசாக்களில் ஒருவர் பிளாஸ்டிக், ஒருவர் சுண்ணாம்பு, மூன்றாமவர் எங்கள் வீட்டு ராசா, அவருக்கு மூக்கு இல்லை. இந்தக் கோலத்தில் எவனும் ஜெயிக்க முடியாது. நிம்மதியாக இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

நிம்மதி போயிற்று. குடில் நன்றாக வந்துவிட்டது.

நான் என்ன செய்ய? கழுதை தலையாட்டியது கொஞ்சம் வெட்டி வெட்டி இருந்தது. அது கண்ணை உறுத்தியது, சரிசெய்தேன். நட்சத்திரம் சும்மா எரிந்தது. ராசாக்கள் நெருங்க நெருங்கப் பிரகாசமானால் பொருத்தமாக இருக்குமே என்று தோன்றியது. செய்துவிட்டேன். தப்பு கண்ணில் பட்டால் திருத்தாமல் எப்படி விடுவது?

ஆஞ்சலாவுக்கு வீடியோவில் காட்டினேன். செத்த வீட்டில் பேசுவதுபோல, "நல்லாருக்கு லாயிட்" என்றாள்.

டிசம்பர் 10

அவள் வீட்டில் இன்று ராகி விதைத்தாளாம். தட்டு தட்டாக. அங்கிளின் குடிலில் புல் முழுக்க அவள் பொறுப்பு. சின்ன வயதிலிருந்தே. "எங்க டாடி எனக்குன்னு குடுத்த ஒரே வேலை. யாரையும் தண்ணி ஊத்தக்கூட விடமாட்டார்," என்றாள். பேச்சில் பெருமையா, பயமா, எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

திட்டம் தயார். அலுவலகத்தில் நாங்கள் செய்வதுதான். ஒரு பொருள் எப்படியெல்லாம் பாழாகலாம் என்று முன்னாலேயே யோசித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்போம். அதுபோல, கொட்டிலின் பின்பக்கம் மூன்று ஸ்விட்ச் வைத்திருக்கிறேன்.

முதல் ஸ்விட்ச், ராசாக்களின் வேகத்தைக் குறைக்கும். இரண்டாவது, குடிலில் ஓடும் பாடகர் குழுவின் பாட்டை நிறுத்திவிட்டு பழைய ஆட்டத்தின் பீப் பீப் சத்தத்தைப் போடும். மூன்றாவது மோட்டாரையே திருப்பிவிடும். ராசாக்கள் கொட்டிலுக்கு முதுகைக் காட்டாமல் அப்படியே பின்னால் நகர்ந்து போவார்கள். அதைத் தொடும் நிலை வராது என்றே நினைக்கிறேன்.

வேலைப் பழக்கத்தில் ஒவ்வொன்றின் கீழும் டேப் ஒட்டி எழுதியும் வைத்துவிட்டேன். தோல்வி 1, தோல்வி 2, தோல்வி 3.

டிசம்பர் 20

தோல்வி 1-ஐ இன்று மாலை பொதுமக்களிடம் சோதித்தேன். ராசாக்கள் நகர்கிறார்களா இல்லையா என்றே தெரியாத வேகம். இரண்டு நிமிஷத்தில் எல்லாரும் வெறுத்துப்போய் வீட்டுக்குப் போவார்கள் என்று கணக்கு.

நடந்தது வேறு. தெருவில் இருக்கும் ஜகதாம்பாள் ஆன்ட்டி கிறிஸ்தவர்கூட இல்லை, பேரனைக் கூட்டிக்கொண்டு சும்மா வந்தவர். நாற்காலி கேட்டார். உட்கார்ந்து ராசாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், அந்தக் காலத்துல எத்தனை மாசம் நடந்தாங்களோ," என்றார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் நாற்காலி போட்டார்கள். யாரோ ஜெபமாலையை எடுத்தார்கள். கடைசி மணி சொல்லி முடிக்கவும் ராசாக்கள் கொட்டிலுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாடி என் தோளைத் தட்டினார். ஆயுசில் இரண்டாவது தடவை. முதல் தடவை எப்போது என்று நினைவில்லை, ஆனால் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 24

வழக்கப்படி தீவனத் தொட்டி காலி. நள்ளிரவுப் பூசை முடிந்துதான் பாலன் சுரூபத்தை வைப்போம். கன்ட்ரோலரோடு நின்ற பொடியன் ஒருவன் கேட்டான், "அங்கிள், பேபி லாக் ஆயிருக்கா?"

"ஆமா. நாளைக்கு அன்லாக்."

"எத்தனை லெவல் முடிக்கணும்?"

வரிசை காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. கன்ட்ரோலருக்காகச் சவேரியார் அன்பியத்துப் பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். இது எங்கே போய் முடியப்போகிறதோ.

டிசம்பர் 27

நடுவர்கள் வந்தார்கள். ஃபாதர், பாட்டு டீச்சரான ஒரு சிஸ்டர், வேறு பங்கிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அன்பியமே திரண்டு நின்றது. நான் ஏதோ வயர் பார்ப்பதுபோல் கொட்டிலின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

முதலிலேயே தோல்வி 2. பாட்டு நின்றது. பீப் பீப் ஆரம்பித்தது. கேட்கவே அசிங்கமாக இருந்தது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். சரி, வேலை செய்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, "கிலுகிலுப்பை," என்றார். "எல்லாரும் பெரியவங்க கேக்குற பாட்டா போடுறாங்க. இங்க ஒரு ஆளாவது கைக்குழந்தைக்குப் போட்டிருக்காங்க."

தோல்வி 3-ஐ அழுத்தினேன்.

கொட்டிலை நெருங்கிய ராசாக்கள் நின்றார்கள். பிறகு மூவரும், மூக்கில்லாதவர் உட்பட, ஒட்டகங்களோடு பின்பக்கமாகவே நகர ஆரம்பித்தார்கள். நட்சத்திரம் மங்கிக்கொண்டே வந்தது. டாடியின் முகம் வெளுத்தது. பாவமாக இருந்தது, ஆனால் வேறு வழியில்லை, எனக்கு ஆஞ்சலா வேண்டும்.

ஃபாதர் ஒரு அடி முன்னால் வந்தார். "பாலனைப் பார்த்துட்டு கொல்லத் தேடின ஏரோதுகிட்ட போகாம வேற வழியா ஊர் திரும்பினாங்களே. எந்தக் குடில்லயாவது அதைக் காட்டியிருக்காங்களா? ராசாக்கள் வர்றதோட எல்லாரும் நிறுத்திடுறோம்." தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "முதுகைக் காட்டாம போறாங்க பாத்தீங்களா? என்ன மரியாதை."

தலைமையாசிரியர் குறித்துக்கொண்டார்.

நான் வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

முதல் பரிசு அந்தோணியார் அன்பியம்.

டாடி மேடைக்கு ஓடினார். மூட்டுவலி உள்ளவர். கிளெமென்ட் அங்கிள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டினார். நிதானமாக, எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினார். ஆஞ்சலா என்னைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 29

போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 30

எடுத்தாள். "உனக்குத் தோக்கக்கூடத் தெரியாதா?" வைத்துவிட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வேன் நான்? தெரியாதுதான். முயற்சி பண்ணினேனே, மூணு தடவை பண்ணினேனே, யார் நம்புவா?

டிசம்பர் 31

கிளெமென்ட் அங்கிள் வந்தார். மத்தியானம், தனியாக. டாடியும் மம்மியும் கடைக்குப் போயிருந்தார்கள். கேட் சத்தம் கேட்டு நான் வெளியே வருவதற்குள் குடில் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுரூபமாகப் பார்த்தார். உயரமான ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அந்த டேப்புகளைப் பிய்த்துப் போட எனக்கு நாலு நாள் இருந்தது. தோன்றவே இல்லை.

"லாயிட், இங்க வா. தோல்வி மூணுன்னா என்ன?"

அவரே அழுத்தினார். ராசாக்கள் பின்னால் போனார்கள். இரண்டாவதை அழுத்தினார், பீப் பீப். முதலாவதை அழுத்தினார். ஒட்டகங்கள் நிற்கிறதா நகர்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆஞ்சலா சொன்னாளா?"

"இல்ல அங்கிள். நானேதான்." பொய். ஆனால் அந்த நிமிஷத்தில் அதுதான் சரி என்று பட்டது.

"நான் தோத்தா தாங்கமாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க."

"அங்கிள், ஈஸ்டர் வரைக்கும் நீங்க வேற பங்குக்கு..."

"அந்த வருஷம் எங்க பங்குல காலைப் பூசை நேரத்தை மாத்திட்டாங்க. எனக்கு ஃபேக்டரி ஷிப்ட். அதான் வேற பங்கு. எல்லாரும் நான் கோச்சுக்கிட்டேன்னு கதை கட்டிட்டாங்க. கதை நல்லாருக்கேன்னு நானும் விட்டுட்டேன்." வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீ ஜெயிச்சதுல எனக்குக் கோவம் இல்ல. எனக்காகத் தோக்கப் பாத்தல்ல, அதுதான். சின்னப் பிள்ளைக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி."

சின்னப் பிள்ளைக்கும் நான் விட்டுக்கொடுத்ததில்லை என்று சொல்ல நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

கேட் வரைக்கும் போனவர் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. வரலைன்னாதான் நிஜமாவே ஜாஸ்தி கோவம் வரும்."

ஜனவரி 1

வரச்சொன்னது சம்மதம் சொல்லவா, முகத்துக்கு நேராக மறுக்கவா? மம்மி கேக்குக்கு முந்திரி உடைக்கிறாள். பழக்கூடையை நகர்த்திவிட்டாள். ஓட்டையைப் பார்த்தாள். கூடையைப் பழையபடி அதன்மேலேயே வைத்தாள். எனக்காக அவளும் பயந்துகொண்டிருக்கிறாள்.

ஜனவரி 4, ஞாயிறு. மூன்று ராசாக்கள் திருநாள்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அங்கிளின் குடில் அவர்கள் வீட்டு ஹாலிலேயே, பாதி ஹாலை அடைத்துக்கொண்டு. அருவியை நிறுத்தவில்லை. அதனால் பெண் கேட்கும் பேச்சு முழுவதையும் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்," என்று மம்மி கத்தினாள்.

"சந்தோஷம்," என்று அங்கிள் கத்தினார். "ஒரு கண்டிஷன்."

டாடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கல்யாணம் ஆகி உங்க வீட்டுக்கு வந்தா ஆஞ்சலா உங்க அன்பியம். அப்புறம் எனக்கு ராகி யார் போடுவா? அந்தப் புல்லு வேற யார் கைக்கும் வராது." அவர் குரல் அருவிக்கு மேலே போக முடியாமல் கொஞ்சம் கரகரத்தது. "அதனால ரெண்டு பேரும் எங்க தெருவுலயே வீடு பாத்துக்கணும். சவேரியார் அன்பியத்துல."

"ஆளையே கேக்குறியா கிளெமென்ட்?" டாடி எழுந்துவிட்டார். "பரிசு வாங்கின கையோட எம் பையனைத் தூக்கிட்டுப் போகப் பாக்குறியா?"

"அவன் இல்லாம அடுத்த வருஷம் நீ என்ன பண்ணுவேன்னு பயமா?"

"பயமா? எனக்கா?"

"ஹெர்பர்ட், உக்காரு," என்றாள் மம்மி. "கேக் சாப்பிடு."

டாடி உட்கார்ந்தார். கேக் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, குடிலின் புல்லைப் பார்த்தார். தட்டுத் தட்டாக, ஒரே உயரத்தில், கத்தரித்ததுபோல. "நல்லாத்தான் இருக்கு," என்றார். அருவிச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பிறகு எல்லாரையும் விட உரக்கக் கத்தினார். "சரி. கூட்டிட்டுப் போ. ஆனா அடுத்த வருஷம் அவனையும் உன்னையும் சேத்து ஜெயிப்பேன்."

"அதைச் சொல்லு," என்றார் அங்கிள். முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கம் திரும்பி, "நீ என் பக்கத்துல நின்னு ஒழுங்கா விளையாடு. ஸ்விட்ச் கிட்ச் எல்லாம் வேணாம்," என்றார்.

ஆஞ்சலா காபித் தட்டோடு வந்தாள். என் கப்பை வைக்கும்போது குனிந்து, "எங்க டாடிகிட்ட இந்த ஒண்ணுலயாவது தோத்தியே," என்றாள். எதில் தோற்றேன் என்று கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெட்கமே இல்லாமல் கேக்கில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 6

டாடி என்னோடு பேசவில்லை. குடிலைப் பிரித்தோம். மூக்கில்லாத ராசாவைத் துணியில் சுற்றும்போது மட்டும், "இவரை இங்க விட்டுட்டுப் போ," என்றார்.

ஜனவரி 12

அங்கிள் தெருவில் வீடு கிடைத்தது. மாடி. வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன், சத்தம் வருமா என்று கேட்டார். கன்சோல் சத்தம் கொஞ்சம் வரும் என்றேன். "அது பரவாயில்ல. பக்கத்து வீட்டு அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது," என்றார். ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். வீட்டுக்கு நான் இந்த மாதமே போக வேண்டும், பெயின்ட் வேலை இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கன்சோல்களைக் கடைசியாக எடுத்து வைக்கலாம் என்று விட்டிருந்தேன். டாடி ஹாலுக்கு வந்தார். பழைய கன்சோலைப் பார்த்தபடி நின்றார். "இதைப் போடு," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. 'அந்தப் பொட்டி' என்பார். கேசட்டை ஊதிப் போட்டேன். சண்டை ஆட்டம்.

"எது எதுக்கு?"

"இது குத்து, இது உதை, அம்பு..."

"சரி சரி."

கன்ட்ரோலரை மடியில் வைத்து, ஆர்மோனியம் வாசிப்பதுபோல் எல்லாப் பட்டனையும் ஒரே சமயத்தில் உள்ளங்கையால் அடித்தார். நான் முறையாகத்தான் ஆடினேன். தடுத்தேன், பின்வாங்கினேன், குதித்தேன். அவருடைய ஆள் என்ன செய்வான் என்று அவருக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? என் ஆள் விழுந்தான். எழவில்லை.

"விட்டுக்குடுத்தியா?"

"இல்ல டாடி."

"சத்தியமா?"

"சத்தியமா." உண்மை அதுதான். அதுதான் எரிகிறது.

"இன்னொரு ஆட்டம் டாடி."

அவர் கன்ட்ரோலரின் வயரை நிதானமாகச் சுற்றி, கன்சோலையும் சேர்த்து எடுத்து டிவிக்குக் கீழே, மூக்கில்லாத ராசாவின் பக்கத்தில் வைத்தார். நான் கட்டிவைத்த பெட்டியில் இல்லை.

"ஆட்டம் வேணும்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு இங்க வா," என்றார். "உங்க அன்பியத்துலேர்ந்து ஒண்ணும் தூரம் இல்லையே."

வருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வராமல் எப்படி இருப்பேன், தோற்றிருக்கிறேனே.